மார்ச்சுக்குள்

படகுத் துறையில் டிக்கெட் கிழிப்பது என் வேலை.
நியேப்லாவிலிருந்து கொர்ரால், கொர்ராலிலிருந்து நியேப்லா.
ஆற்றுக்கும் கடலுக்கும் அங்கே ஓயாத எல்லைத் தகராறு.
நடுவில் நான், ஒரு கண்ணாடிச் சன்னல், ஒரு கெட்டில்.
மழை நாளில் ஆள் வராது. வால்தீவியாப் பக்கம்
மழையில்லாத நாளைத்தான் எண்ணிச் சொல்லலாம்.

சும்மா கிடந்தால் கை குறுகுறுக்கும்.
தீர்ந்த டிக்கெட் சுருளின் அட்டைக் குழல்,
தேயிலை உறையின் பொன்தாள்,
காற்று முறித்துப்போட்ட குடைகளின் துணி.
பயணிகள் விட்டுப்போவதில் முதலிடம் குடைக்கு,
அடுத்தது ஒற்றைக் கையுறைக்கு.
எல்லாம் என் இழுப்பறைக்குள் போகும்,
வாழ்த்து அட்டையாக வெளியே வரும்.
பல் செட்டு கட்டிய சித்தப்பாவுக்கு ஒன்று:
திறந்தால் சிரிக்கும்.
தம்பி மகன் எலியேசெர் கல்யாணத்துக்கு ஒன்று:
குடைத்துணியில் பாவாடை, டிக்கெட் நுனிகளில் கொசுவம்.

அதே வாரம் இஸ்மேனியாவுக்கு ஐம்பது.
பழைய அட்டைகள் கிடந்த செருப்புப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஒரு கிறிஸ்துமஸ் அட்டையில் செங்கழுத்துக் குருவி.
நகம் வெட்டும் கத்தரியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு,
மூக்கும் காலும் சிதையாமல் எடுத்தேன்.
அடிவயிற்றில் ஒரே பொட்டுப் பசை.
மற்றதெல்லாம் எழும்பி நின்றது,
ஊதினால் போய்விடும்போல.

அவள் ஒஸோர்னோவுக்குக் குடிபோய் ஒன்பது வருஷம்.
கொஞ்ச நாளில் கடிதம் நின்றது. வேலை இருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போன்.
ஹலோ இல்லை, நலமா இல்லை.
"இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு
இப்போது குருவியைத் தூதுவிட்டுக் கடன் கேட்கிறாயா?"
"என்ன கடன்?"
"றெக்கையைத் தூக்கிப் பார்த்தேன், எதெல்மிரா.
என் கையெழுத்து எனக்கே தெரியாதா?
'எண்பதாயிரம் பெசோவை மார்ச்சுக்குள் திருப்பித்'
அதோடு வால் முடிகிறது."

கூரைத் தகடு!
புயல் வந்து அவள் சமையலறையை ஊருக்குத் திறந்து காட்டிய வருஷம்.
கொடுத்தேன். மறந்தேன்.
பெருந்தன்மை எல்லாம் இல்லை;
அந்த மாதம்தான் என் புருஷன் பெட்டியோடு வெளியேறினான்,
எண்ணிப்பார்க்க வேறு இருந்தது.
அவளோ என் மௌனத்தைக் கோபம் என்று கணக்கில் எழுதி
வட்டிமேல் வட்டி போட்டு வளர்த்திருக்கிறாள்.

மீதிக் காகிதம் எங்கே?
கூடைக்குள் தோள்வரை கைவிட்டேன்.
கீழ்ப்பாதியில் இருந்த சிவந்த கொப்பிவேப் பூக்கள்
கல்யாண அட்டையில் ஏறிப்
புந்தா அரேனாஸ் போய்ச் சேர்ந்திருந்தன.
எலியேசெரைக் கூப்பிட்டுப் பூவைச் சுரண்டச் சொன்னேன்.
பின்னால் புதுப்பெண்ணின் குரல்:
"நகத்தால் வேண்டாம், ஆவியில் காட்டு."
அவர்கள் கெட்டில் கூவும்வரை காத்திருந்தேன்.
அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்:
"முடியாமல் போனால் கோபிக்காதே. அப்போதும் வா."

வாக்கு ஒரு வீட்டுக்கு, வேண்டுதல் இன்னொரு வீட்டுக்கு.
இரண்டிலும் தபால்தலை ஒட்டியவள் நான்.
இடையிலிருந்த 'தருகிறேன்' மட்டும்
எந்த வீட்டுக்கும் போகவில்லை.
எங்கள் தெருவில் குப்பை வண்டி வியாழன்தோறும் வரும்.

"அத்தை, இதைத் திருப்பி அனுப்பணுமா?
இவள் ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கணும் என்கிறாள்."
வைத்துக்கொள்ளட்டும்.
குடித்தனம் நடக்கிற வீட்டில் செலவாகும் வாக்கியம்.

போன வாரம் ஒஸோர்னோவிலிருந்து ஒரு பொட்டலம்.
பால் டப்பாவை மடித்துத் தைத்த பர்ஸ்,
பசுவின் ஒரு கண் சரியாகப் பொத்தானுக்கு அடியில்.
உள்ளே எண்பது இல்லை, முப்பது.
மீதி மார்ச்சுக்குள் என்று ஒரு சீட்டு.
எந்த வருஷத்து மார்ச் என்று எழுதவில்லை.
சனிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் வெட்டுமுன் திருப்பிப் பார்க்கிறேன்.
சில சமயம்
பார்த்துவிட்டும் வெட்டுகிறேன்.