எந்தப் பக்கம் மண்ணுக்குள்

முதல் குச்சியைத் தலைகீழாக நட்டுவிட்டேன்.
சுருளியாற்றுப் பாலத்தடியில் ஒடித்தது.
ஜீப்பில் பதினாறு பேர் மடி மாறி மாறி வந்ததில்
அடி எது நுனி எது என்று தெரியாமல் போனது.
இருபது நாள் தண்ணீர் குடித்துவிட்டு
விறகானது.

இரண்டாவது பிழைத்தது.
குளிக்கிற தண்ணீர் ஓடித் தேங்குமிடத்தில்
சோப்பு நுரைக்கும் சளைக்காமல்
ஒரு மழைக்கு இடுப்பு உயரம்,
மறு மழைக்குத் தலை.
இலைக்கு ஐந்து விரல்.
மேலே பச்சை, புரட்டினால் சாம்பல்.
மாயக்காளின் வெள்ளாடு வேலி தாண்டி வந்து
ஒரு வாய் வைத்தது,
தும்மியது,
முருங்கைக்குப் போய்விட்டது.
கறிவேப்பிலை வைத்திருந்தால் ரசத்துக்காவது ஆகும் என்றான்
கொழுந்தன் சன்னாசி.
ஆடிச் சளிக்கு அவன்தான் முதலில் வந்து பறித்தான்.

விடியுமுன் கம்பம்மெட்டு ஏறுகிறோம்.
பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு
ஏலத் தூரில் குனிந்தால்
மழை முதுகில், அட்டை காலில்,
நீர் முழுக்கத் தலைக்குள்.
காய் எடுக்காத நாளில் மருந்தடி.
மலைமேல் மருந்தென்றால் கொல்வது.
முகத்தில் துண்டு கட்டி
பேச்சில்லாமல் அடித்துவிட்டு இறங்குவோம்.
வீட்டுக் கொல்லையில் நிற்பதையும்
மருந்து என்றுதான் சொல்கிறோம்.
ஒரே சொல்லுக்கு இரண்டு வாடை.

சனிக்கிழமை ராத்திரி
பானையில் இரண்டு கை நொச்சி, ஒரு மஞ்சள் துண்டு.
கொதி வந்ததும் இறக்கி
அடுப்பில் பழுத்த அரைச் செங்கல்லைப் போட்டால்
உஸ்ஸென்று ஒரு பேச்சு.
கம்பளியை இழுத்து மூடிக்கொள்வேன்.
ஏழு பேர் படுக்கும் வீட்டில்
எனக்கென்று தாழ்போட்ட அறை
அது ஒன்றுதான்.
உள்ளே மூக்கு ஒழுகலாம், கண் ஒழுகலாம்,
எதனால் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மீதி இலை நிழலில் உலர்ந்து தலையணைக்குள் போகும்.
ஒரு பிடியை முந்தியில் முடிந்து மலைக்கும் கொண்டுபோவேன்,
மருந்தடி நாளில் துண்டுக்குள் வைக்க.

அதில்தான் மாட்டினேன்.

சாயங்காலம் கேட்டில் அன்னக்குட்டி நிற்பாள்.
முந்தி, மடி, சோற்றுத் தூக்கு, கொண்டை,
ஒவ்வொருத்தியாகத் தடவி அனுப்புவாள்.
மூக்குள்ளவள் என்றால் முகர்ந்தே சொல்லிவிடலாம்
யாரிடம் காய் இருக்கிறதென்று.
அவளுக்கு மூக்கு அடைத்துப் பதினொரு வருஷம்.
அதனால்தான் கை.

அந்தக் கை என் முடிச்சில் நின்றது.
‘இது எந்தா?’
அவிழ்த்தாள். வாடிய இலை.
நம்பாமல் கசக்கினாள்,
முகத்தருகே கொண்டுபோனாள்,
மறுபடி கொண்டுபோனாள்.
டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடிக்கும்வரை
அங்கேயே நின்றாள்.
‘கரிநொச்சி’ என்றாள்,
யாரையோ தூரத்தில் அடையாளம் கண்ட மாதிரி.

மறுநாள் ஒரு குச்சி கேட்டாள்.
கொடுத்தேன்.
எந்தப் பக்கம் மண்ணுக்குள் என்று அவள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அன்றைக்கும் என் கொண்டையை
அவிழ்த்துத்தானே பார்த்தாள்.

இப்போது ஒரு மாதம்.
கேட்டு ஷெட்டின் கூரைக்கடியில்
தகர டப்பாவில் நிற்கிறது,
கணுவெல்லாம் கீழே பார்த்தபடி, தளிரில்லாமல்.
சுற்றி மண் மட்டும் கறுப்பாக ஈரம்.
நாள் தவறாமல் ஊற்றுகிறாள்.

நேற்று இன்னொன்று ஒடித்தேன்.
அடிப்பக்கம் சிவப்பு நூல் சுற்றி
முந்தியில் முடிந்து வைத்திருக்கிறேன்.
மூக்குத் திறந்தால் கையை எடுத்துவிடுவாளோ என்னவோ,
தூக்குக்குள்ளிருப்பதையும் முகர்ந்து சொல்வாளோ என்னவோ.
முதலில் தடவிப் பார்க்கட்டும்.
நூல் விரலில் தட்டுப்படும்.