கீழே ஒன்று, மேலே ஒன்று

நவம்பர் இரண்டாம் வாரம்.
கரோல் பாகில் பகல் பதினொன்றுக்கும்
தெருவிளக்கு எரிகிறது.
ஓட்டல் வரவேற்பறையில்
காற்றைச் சுத்தம் செய்யும் வெள்ளைப் பெட்டி
பச்சை எண் காட்டிப் பெருமைப்படுகிறது.
"வெளிக்காற்று ஒரு பொட்டு உள்ளே வராது, மேடம்"
என்கிறார் மேலாளர் கோஸ்லா.
முகமூடியை இறுக்கிக்கொண்டு
பாய்லர் அறைக்குப் படி எங்கே என்று கேட்கிறேன்.

இருபத்தேழு படி.
கதவை இழுத்தேன், வரவில்லை.
உள்ளிருந்து யாரோ கைப்பிடியைப்
பிடித்திருப்பதுபோல் இருந்தது.
யாருமில்லை.
பக்கத்து சலவை அறையின் விசிறி
இந்த அறையின் மூச்சையும் சேர்த்து
உறிஞ்சிக்கொண்டிருந்தது.

லக்கன் மாஞ்சி ஸ்டூலில்,
நெற்றியில் தைலம்.
பத்து நாளாகத் தலைவலி.
ஞாயிறு லீவன்று மட்டும் இல்லையாம்.
ஞாயிறு என்ற சொல்லில் என் வயிறு கலங்கியது.
இடுப்பிலிருந்த கருவி அதற்குள் கத்தத் தொடங்கியது,
முப்பத்தெட்டு, ஐம்பது, எழுபத்தொன்று.
மணமில்லை, நிறமில்லை, எண் மட்டும்.
அவனைப் படிக்கு விரட்டிவிட்டுக்
கதவுக்கு ஒரு வாளியை முட்டுக் கொடுத்தேன்.

இரண்டே பார்வை.
கண்ணாடித் துளையில்
நீலமாய் விறைத்து நிற்க வேண்டிய தீ
மஞ்சளாய்த் தொங்கி
எதையோ துழாவிக்கொண்டிருந்தது.
அனுமார் படத்தடியில் எரிந்த ஊதுபத்தியை எடுத்துப்
புகைபோக்கியின் வாயருகே பிடித்தேன்.
புகை மேலே ஏறவில்லை.
என் முகத்துக்கே வந்தது.

வால்வைத் திருப்பினேன்.
டக்.

"நாற்பத்து மூன்று அறை! கல்யாண கோஷ்டி!
மாப்பிள்ளை குளிக்க வேண்டாமா?"
கோஸ்லா பாதிப் படியில் நின்று கத்துகிறார்.
சுவரைக் காட்டினேன்.
கீழே முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம்,
அதில் இருநூற்றெட்டாம் அறையின் பழைய மெத்தை.
மேலே கூரையை ஒட்டி ஒரு துவாரம்,
அதன்மேல் பிளைவுட், நான்கு திருகாணி.
"புகை வருதுன்னு புகார். வெளியே விஷம், மேடம்."

விஷம்தான். இல்லையென்று சொல்ல என்னால் முடியாது.
ஆனால் ஒரு பங்கு கேஸுக்குப் பத்துப் பங்கு காற்று வேண்டும்,
அழுக்கா சுத்தமா என்று தீ கேட்காது,
கிடைக்காவிட்டால் கடன் வைக்கும்,
வட்டியை லக்கனின் ரத்தத்தில் எடுக்கும்.
இதையெல்லாம் சொல்லத்தான் நினைத்தேன்.
கோபம் வந்தால் என் இந்தியில்
காற்று ஆணாகிவிடும்.
படியில் உட்கார்ந்திருந்த லக்கன்
வலியோடு சிரித்தான்.

மூன்று மணி நேரம்.
மெத்தையை உருவினோம், பஞ்சு பஞ்சாக வந்தது.
நாலாவது திருகாணி துருவேறி மறுத்தது,
பிளைவுட்டைப் பிளந்தே எடுத்தோம்.
சட்டம் ஒரு முழம் அகலம்தான்,
அதில் பாதியைச் சரிந்த தகடுகள் தின்னும்,
மீதியை வலையில் ஒட்டிய துண்டுப் பஞ்சு.
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
சலவை விசிறிக்குத் தனி வழி போடும்வரை
அது ஓடினால் பாய்லர் ஓடக்கூடாதென்று
எழுதி ஒட்டினேன். என் எழுத்துப் பிழையோடு.

பிறகு வந்தது,
தில்லியின் காற்று.
எரிந்த வைக்கோல், டீசல்,
எதிர்க்கடைப் பூரி எண்ணெய்.
கணுக்காலில் குளிராய் நுழைந்து
சூடேறி மேல் துவாரத்தில் போனது.
தீ ஒருமுறை நடுங்கியது.
நீலம்.
கருவி பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நின்றேன்.
லக்கன் அன்றைக்கு மருத்துவமனைக்குப் போனான்.
சம்பளம் பிடிக்கமாட்டேன் என்று
கோஸ்லாவிடம் எழுதி வாங்கினேன்.

முனிர்கா, இரவு பத்து.
என் மகன் தூங்குகிறான், லேசான இளைப்பு.
அடுக்களையை ஒட்டிய இடுக்கில் கேஸ் கீசர்.
அதன் பக்கத்து ஜன்னல் விளிம்பெங்கும்
பழுப்பு டேப்.
தீபாவளி மறுநாள் நானே ஒட்டியது,
நான்கு மூலையும் விரலால் அழுத்தி,
கவனமாக, ஒரு பொட்டும் வராமல்.

விளக்கைப் போடாமல் நின்றேன்.
நகம்
டேப்பின் நுனியைத் தேடியது.