சமக்குறி

கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள்,
ஒன்றன்கீழ் ஒன்று.
"சமக்குறி மாதிரி இருக்கிறதல்லவா, நீவெஸ்?
புழுவின் இரு சுவர்கள். இதோ இன்னொன்று. இதோ."
டாக்டர் மிரெல்லா காட்டக் காட்ட எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.

விலாவில் மழித்த இடத்தில் ஜெல் மினுங்க
பிரீனா படுத்திருந்தாள்,
என் சட்டைப்பை பிஸ்கட்டைக் கண்டுபிடித்துவிட்ட மூக்கோடு.

ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல்.
எங்கள் மொழியில் சேமியாவுக்குப் பெயரே
குட்டிப் புழுக்கள்.
அன்றிரவு சூப்பில் எதுவும் போடவில்லை.

இருமலை நான் தூசி என்றேன்.
அறுவடை நேரம், கொமாக்கியோ சாலை முழுக்க வைக்கோல் பொடி.
வாய்க்கால் கரையில் பாதி வழியில் உட்கார்ந்ததை
வயசு என்றேன்.
ஐந்து வயசு.

போ ஆற்றின் கழிமுகத்தில்
கொசுவைப் பற்றி யார் பேசுகிறார்கள்?
எதோ ஒரு நாயைக் குடித்தது,
வெயிலில் இரண்டு வாரம் அதைத் தன்னுள் வளர்த்தது,
இவள் காதுமடலில் இறக்கிவிட்டுப் போனது.
தோலிலிருந்து இதயத்துக்கு ஆறு மாத நடை.
மாதம் ஒரு மாத்திரை
நடையின் தொடக்கத்திலேயே ஆளை மடக்கும்.
போய்ச் சேர்ந்தவர்களை அதற்குத் தெரியாது.

போன வருஷக் காலண்டரைத் தேடி எடுத்தேன்.
ஜூன்: சிவப்பு வட்டம்.
ஜூலை: டிராக்டர் தவணை.
ஆகஸ்ட்: ரீனோ கல்யாணம், நாற்காலி வாடகை.
செப்டம்பர்: வட்டம், கொஞ்சம் பெரிதாக.

மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது.
இடுப்புச் சதையில் ஓர் ஊசி,
மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு.
செத்த புழு துண்டுதுண்டாய் நுரையீரலுக்குப் போகும்,
ஓடினால் அடைக்கும்.
ஆகவே கூண்டு. படி ஏறக் கூடாது.
தபால்காரரைக் குரைக்கக்கூடக் கூடாது.

அக்டோபர் வந்துவிட்டது.
பாப்லர் தோப்பின் வேரடியில்
வெள்ளை டிரஃபிள் காளான் பழுக்கும் மாதம்,
இவள் மூக்கு எங்கள் அடுப்பை எரிக்கும் மாதம்.
தூக்கத்தில் முன்கால் மட்டும்
கூண்டின் தகரத்தைத் தோண்டுகிறது.
எழுந்து போய் ஒரு போர்வையை மடித்து வைத்தேன்,
சத்தம் கேட்காமலிருக்க.
எனக்குத்தான்.

பக்கத்து வீட்டு எர்மெஸ் வந்தான்,
காகிதத்தில் சுருட்டிய சிறு கிழங்கு போல ஒன்று.
கம்பியிடுக்கில் நீட்டினான்.
பிரீனாவின் வால் தகரத்தில் அடித்தது, அடித்தது.
"போதும்," என்றேன்,
"சந்தோஷத்துக்கும் அளவு எழுதியிருக்கிறார்கள்."

வாசலில் அவன் நாய், சேறு அப்பிய தாடியோடு.
"அவனுக்கு ரத்தம் சோதித்தாயா?"
"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான்."

சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
எர்மெஸின் மண்படிந்த புறங்கையைப் பிடித்து
மிரெல்லாவின் எண்ணை எழுதினேன்,
இரண்டு முறை,
ஒன்றன்கீழ் ஒன்று.