கேட்கும் பிள்ளை

குழித்துறை ஆஸ்பத்திரியில், பிறந்த மூன்றாம் நாள்,
தொட்டிலுக்குப் பின்னால் நின்று நர்ஸ் கைதட்டினாள்.
பிள்ளை துள்ளி விழுந்தான்.
மாமியார் இரு கையும் கூப்பினாள்.
ரசலையனும் நானும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
எங்கள் கூட்டத்தில் சேராத ஒருவன்
எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

ரேஷன் கார்டில் ஜெஸ்பின்.
எங்களுக்கு,
இடது காதின் கீழ் மச்சமிருக்கும் இடத்தை
ஒற்றை விரலால் இரண்டு தரம் தொட்டால் அவன்.

முதல் வருஷம் முழுக்க
என் மணிக்கட்டுக்கும் அவன் கணுக்காலுக்கும் நடுவே
ஒரு நூல் கட்டிப் படுத்தேன்.
அழுதால் உதைப்பான். நூல் இழுக்கும். எழுவேன்.
ஒரு ராத்திரி அது அவிழ்ந்து கிடந்தது.
விடியும்போது வாசலில் அக்கம்பக்கம்,
எல்லா வாயும் ஒரே நேரத்தில்.
எதையும் வாசிக்க நான் முயலவில்லை.
பிள்ளையின் தொண்டையைத் திறந்து பார்த்தேன்,
உள்ளே சிவந்திருந்தது.

மேல்புறத்தில் அண்டியாபீசில் அண்டி தல்லுகிறேன்.
பால் பட்ட விரல் பொள்ளும், தோல் உரியும்.
மற்றப் பெண்களுக்கு அது கை.
எனக்கு நாக்கு.
கொப்புளம் உடைந்த நாட்களில்
சுருக்கமாகப் பேசுவேன்:
சாப்பிடு. குளி. படு.
அம்மாவுக்குக் கோபம் என்று
நினைத்துக்கொள்வான்.

என் முதுகைப் பார்த்துக் கூப்பிடுவது வீண் என்று
மூன்று வயதில் கண்டுபிடித்தான்.
தரையை மிதிப்பான். லைட்டை அணைத்து அணைத்துப் போடுவான்.
ஒருமுறை சக்கைக்கொட்டையை எறிந்தான்,
சரியாகப் பின்மண்டையில்.
திரும்பினேன். வாங்கினான் இரண்டு.

ஏழு வயதில் எங்கள் வாய் அவன்.
பாங்கில், கரண்ட் ஆபீசில்,
அப்பன் சம்பளத்தில் பிடித்த நானூறு ரூபாய்க்காக
மார்த்தாண்டத்தில் பிரஸ் முதலாளியின் மேஜை முன்னால்.
முதலாளி நீளமாகப் பேசினார், கழுத்து நரம்பு தெரிய.
அவன் கையில் வந்து சேர்ந்தது
"அடுத்த மாசம் தருவார்."
மீதிச் சொற்களை என்ன செய்தாய் மக்கா,
எங்கே போட்டாய்?
பஸ் ஸ்டாண்டு வரை
ஒரே கல்லை உதைத்துக்கொண்டு வந்தான்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்
நெற்றியைச் சுருக்கி விரலை ஆட்டினாள்.
"நல்லா படிக்கிறானாம்" என்றான் இவன்.
முகம் வாசித்தே வளர்ந்தவளிடமா!
தலையாட்டினேன், கும்பிட்டேன்,
கேட் தாண்டியதும் காதைப் பிடித்தேன்.
"வகுப்பில் ஓயாமல் பேசுகிறேனாம்."
கைகளைச் சின்னதாக்கிச் சொன்னான்.
எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
எங்கள் பிள்ளை, வாயாடி!
ராத்திரி ரசலையனிடம் சொன்னேன்.
அச்சு மை போகாத விரல்களால்
அந்தச் சொல்லை மூன்று முறை
சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

ஆனி மழைக்குக் கரண்ட் போகும்.
எங்களுக்கு அதுதான் மௌனம்.
பக்கத்தில் இருப்பவன் இருட்டில் ஊமையாகிவிடுவான்.
உள்ளங்கையில் எழுதுவான்: மெழுகுதிரி.
எங்கே, என்று எழுதுவேன்.
அன்றைக்குத் தீப்பெட்டி நனைந்திருந்தது.
ஜெஸ்பின் என்மேல் சாய்ந்திருந்தான்,
பத்து வயது, நல்ல கனம்.
முதுகு அதிர்ந்தது.
அழுகிறானோ என்று கன்னத்தைத் தடவினேன்.
காய்ந்திருந்தது.
நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு,
தாடை நின்று, மறுபடி நீளமாக.
பாட்டு.
யார் சொல்லிக்கொடுத்தது, சர்ச்சிலா, ஸ்கூல் வேனிலா?
நல்ல பாட்டா, கெட்ட பாட்டா?
கையை நான் எடுக்கவில்லை.

கரண்ட் வந்தது.
முதுகு சட்டென்று நின்றது.
என்ன பாடினாய்?
ஒன்றுமில்லை, என்றது அவன் கை.

செவிடர் பள்ளி விடுதியிலிருந்து
லீவுக்கு வரும்போது தோழியைக் கூட்டி வருவேன்.
அடுக்களை வாசலில்
விரல் ஓய்வதில்லை எங்களுக்கு, சிரிப்பும்.
என்ன, என்று புருவத்தைத் தூக்குவாள் அம்மா.
காது கேட்கிறவள்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டுவேன்.
நின்றுகொண்டிருப்பாள்,
பாதி உரித்த மரச்சீனியோடு.