நடுக்கதவில் ஏறு

ஹில்ப்பா,
லெம்பி பிறந்து மூன்று வாரம் ஆகிறது,
"நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் நீ?" என்று கேட்டிருந்தாய்.
உன்னைவிட ஐந்து மாதம் மூத்தவள் நான்,
அவ்வளவுதான் என் தகுதி.
இரவு மூன்று மணிக்கு
ஒற்றைக் கட்டைவிரலால் தட்டுகிறேன்;
மற்றக் கை முழுக்க ஆர்வோ.

துணி மடிக்கும்போது அவளைக் கட்டிலில் கிடத்து.
ஒவ்வொன்றாய் முகத்துக்கு மேலே தூக்கிக் காட்டு.
"இது அப்பாவின் காலுறை.
இதன் ஜோடி எங்கே?
யாருக்கும் தெரியாது."
ஒரே வேடிக்கையைப் பதினேழு முறை சொல்லலாம்,
பார்வையாளர் எழுந்து போக மாட்டார்.

பனி கடுமையாய் இல்லாத நாளில்
பால்கனியில் தூங்க வை, ஊரே செய்வதுதான்.
கம்பளி, அதன்மேல் கம்பளி,
மூக்கு மட்டும் வெளியே.
அந்த ஒன்றரை மணி நேரத்தில்
வீட்டைப் பெருக்காதே.
பெருக்காதே என்கிறேன்.
ஜன்னலோரம் உட்கார்ந்து
சூடு இருக்கும்போதே காபியைக் குடித்துப் பார்.
அடடா, இதுவா அது என்றிருக்கும்.

பீட்ரூட் விளையாட்டுக்கு அவள் உட்காரப் பழகட்டும்.
வேகவைத்து மசித்த பீட்ரூட் ஒரு கிண்ணம்,
கீரை ஒரு கிண்ணம், புளூபெர்ரி கொஞ்சம்.
குளியலறைத் தரையில் அகலக் காகிதம்,
அதன்மேல் டயப்பரோடு ஓர் ஓவியர்.
நேற்று நாங்கள் செய்தோம்.
காகிதத்தில் விழுந்தது கொஞ்சம்,
காதுமடலில் நிறைய.
சிவந்துபோன தன் முழங்காலை
அவன் முதல்முறை பார்த்தானே ஒரு பார்வை,
இது யாருடையது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று!
படம் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.
தலைகீழாய் ஒட்டிவிட்டாயோ என்கிறார் மாமியார்.

வியாழக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
தாய்மார் கூடுகிறார்கள்.
இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினேன்.
எல்லோரும் தலை வாரியிருந்தார்கள்.
மூன்றாம் முறை, ஒருத்தி
சட்டையை உள்புறம் வெளியே தெரிய அணிந்திருந்தாள்.
போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் நடக்கிற நாட்களுக்கு.

எதுவும் நடக்காத நாளில் பேருந்து ஏறு.
குழந்தை வண்டியோடு வந்தால்
நமக்குக் கட்டணம் கிடையாது,
எங்கே போகிறாய் என்ற கேள்வியும் கிடையாது.
ஜனவரியில் ஒருநாள்
அவன் காலையிலிருந்து அழுதான்,
நான் மதியத்திலிருந்து.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
தம்பெரேயின் எந்தப் பேருந்து முதலில் வந்ததோ
அதில் ஏறினேன்.
ஏரிப்பாலம் தாண்டும் முன்பே
எஞ்சினின் அதிர்வில் தூங்கிப்போனான்.
இறங்கினால் விழிப்பானே,
இறங்கவில்லை.
மருத்துவமனை, மரக்கிடங்கு, ஒரு பள்ளிக்கூடம்,
பிறகு வெறும் பிர்ச் மரங்கள்.

கடைசி நிறுத்தம்.
ஓட்டுநர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள், உனக்குத் தெரியாதா?
காகிதப் பையிலிருந்து
பட்டை மணக்கும் பன்னைப் பாதியாய்ப் பிய்த்து
எதிர் இருக்கையில் வைத்துவிட்டு
புகைக்க இறங்கிப்போனார்.
ஹீட்டரை அணைக்காமல் போனார்.

ஏழு நிமிடம்.
நான் தின்றேன், கண்ணாடி மேல் பனி விழுந்தது,
ஆர்வோ கனவில் பால் குடித்தான்.
பிறகு வந்த வழியே திரும்பினோம்,
வீட்டு வாசலில் மணி ஐந்து.
ஒரு நாள் முடிந்திருந்தது ஹில்ப்பா,
அதற்குமேல் அதனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வருகிறாயா?
நடுக்கதவில் ஏறு, அங்கே
இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும்.
பன் நான் கொண்டுவருகிறேன்.
மாற்றுச்சட்டை இரண்டு எடுத்துவை,
ஒன்று உனக்கு.