வகுப்பில் சொல்லாமல் விட்டது

திருமணத் தயாரிப்பு வகுப்பு, பாம்பன் பங்கு.
ஐந்து ஜோடிகள். நாற்காலிகளுக்கு நடுவே ஒரு முழம் விட்டு
உட்கார்ந்திருந்தீர்கள், அந்த முழத்தையும்
யாரோ அளக்கப்போவதுபோல.
எனக்குக் கொடுத்த தலைப்பு கற்பு.
கொடுத்த நேரம் இருபது நிமிடம்.
அச்சடித்த தாளில் பதினோரு ‘கூடாது’.
பதினொன்றையும் வாசித்தேன்.
மின்விசிறி தாளைப் பறிக்கப் பார்த்தது, விடவில்லை.

ஜெனோவா, விட்டதைச் சொல்கிறேன்.

உலகத்தைப் படைத்து ஒவ்வொன்றையும் பார்த்து
நல்லது நல்லது என்று வந்தவர்
முதன்முதலாக ‘நல்லதல்ல’ என்றது
பாவத்தைப் பார்த்து இல்லை.
தோட்டத்தில் தனியாக நின்ற ஒருத்தனைப் பார்த்து.

அப்புறம், அந்தக் கனத்த புத்தகத்தின் நடுவே
எட்டே அதிகாரம். வேகமாகப் புரட்டினால் தாண்டிவிடும்.
பதினாறு வருடமாகப் பூசையில் வாசகம் வாசிக்கிறேன்,
ஒரு ஞாயிறும் அது என் முறைக்கு வந்ததில்லை.
அதில் முதலில் வாய் திறப்பவள் பெண்.
வெயிலில் கறுத்தவள்.
முத்தம் வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறாள்,
தோத்திரம்கூடச் சொல்லாமல்.

நானும் கறுத்தவள்தான்.
குருசடைத் தீவுப் பக்கம் முங்கி
மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவள்.
பத்து விரலிலும் துணி சுற்றினாலும் பாறை கிழித்துவிடும்.
அவள் விரலில் வெள்ளைப்போளம் சொட்டியதாம்.
என் விரலில் பாசித்தண்ணீர், சில நாள் ரத்தம்.
அவனைத் தேடி ராத்திரியில் தெருவில் அலைந்தவளைக்
காவல்காரர்கள் அடித்து மேலாடையைப் பறித்தார்கள்.
வனத்துறைப் படகு என்னை மறித்து
முகக்கண்ணாடியையும் சாக்கையும் பறித்தது.
அந்த இடத்தில் மட்டும் எனக்குப் பொழிப்புரை தேவைப்படவில்லை.

கல்யாணமாகி நாலாம் மாதம்
ரெமிஜியூஸ் படகோடு பிடிபட்டான்.
யாழ்ப்பாணச் சிறையில் எழுபத்தொரு நாள்.
அப்போதுதான் எட்டு அதிகாரத்தையும் படித்தேன்,
பென்சிலால் கோடு போட்டு,
யாராவது பார்த்துவிட்டால் என்று பயந்து அழித்து.
அழித்த இடம் இன்னும் வழவழவென்று இருக்கும்,
தடவினால் தெரியும்.

வந்தான். எலும்பும் தாடியும் பினாயில் வாடையும்.
நான் தொடவில்லை. அவனும் கேட்கவில்லை.
ஒன்பது நாள்.
தானாக விழிக்கும்வரை எழுப்பாதீர்கள் என்று
மூன்று தடவை சொல்கிறாளே,
அதைக் குமரிகளுக்குப் போட்ட பூட்டு என்றே நினைத்திருந்தேன்.
தாலி ஏறியவளுக்கும் அதில் ஒரு சாவி இருந்தது.
பத்தாம் நாள், உப்போடு கரையேறி வந்தவளை
உட்காரவைத்து
விரல் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.
அவசரமே இல்லை.
ஏழாவது விரலில் எனக்கு மூச்சு நின்றது.
இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதா என்று குழம்பி
அந்த வாரம் வரிசையில் நின்று, முறை வருமுன் திரும்பிவிட்டேன்.
பதிலுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஒரு வரியோடு மட்டும் எனக்குத் தகராறு.
எவ்வளவு வெள்ளமும் காதலை அணைக்காதாம்.
எழுதியவர் சின்னப்பாலத்தில் குடியிருந்தவர் இல்லை.
இங்கே வீட்டுக்கு வீடு மாலை போட்ட போட்டோ.
ஆனாலும் பிரான்சிஸ்காள் அக்கா,
புருஷன் கடலோடு போய்ப் பதினாலு வருடம்,
அடுப்பு பற்றாவிட்டால் அவர் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறாள்.
நேற்றும் திட்டினாள்.

நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் வந்தாய்.
கண் அந்தப் பையனின் மணிக்கட்டில் இருந்தது.
“டீச்சர், ஆசைப்படுறது...”
சாமியாரின் பைக் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டாய்.
நானும் கோழைதான், தாளை மட்டும் உன் கையில் திணித்தேன்.

திருப்பிப் பார்.
பின்பக்கம் பென்சிலில் ஒரு பக்க எண் இருக்கும்.
ரெண்டு பேரும் சத்தமாக வாசியுங்கள்.
நீ முதலில்.