ஏழாம் தடம்

தனபாலன் படையாச்சி, வயது ஐம்பத்தொன்று,
டர்பன் ஜேக்கப்ஸில் சட்டைக்குத் துணி வெட்டுகிறவர்.
கோப்பின் மேல் யாரோ சிவப்பு மையில்:
மறுபடியும் காசம். மாத்திரை ஒழுங்காக விழுங்கவில்லை.
ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

நானும் வெட்டுகிறவள்தான்.
என் கத்தரிக்குக் கண் கிடையாது.
ஆறெழுத்து அதே வரிசையில் வந்தால் வெட்டும்,
வராவிட்டால் பேசாமல் போகும்.

மூன்று வருடம் முன் அவர் துப்பியதில் வளர்ந்தது
உறைபெட்டியின் அடித்தட்டில் இருந்தது.
பனியைச் சுரண்டினால் ஒரு எண், ஒரு தேதி.
பழையது நான்காம் தடம்.
புதியது ஏழாம் தடம்.
நடுவே வேறு யார் யாருடைய இருமலோ.

முதல் இரவு லோட் ஷெடிங்.
பாதி ஓடிய துண்டுகள் நின்ற இடத்திலேயே ஊறிப்போயின.
"மின்சாரக் கம்பெனிக்குக் காசம் வரட்டும்" என்றாள் நொம்புசோ.
மறுபடி ஊற்றினோம்.

இரண்டாம் இரவு ஓடியது.
சின்னத் துண்டுகள் முந்தின,
சந்தை நெரிசலில் பிள்ளைகள் மாதிரி.

இருட்டறைத் தொட்டியில்
கோடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.
நான்கில் பதினொன்று.
ஏழில் ஒன்பது.
நொம்புசோவை எண்ணச் சொன்னேன்.
ஒன்பதுக்கு ஸூலுவில் எவ்வளவு நீளமான சொல்!
அதைச் சொல்லி முடிக்கும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.
இரண்டு தடத்திலும் நேருக்கு நேர் நின்றவை
இரண்டே கோடுகள்.

அப்படியானால் பழையது செத்துவிட்டது.
அப்படியானால் மனிதர் விழுங்கியிருக்கிறார்,
ஆறு மாதமும், விடியுமுன், பஸ்ஸுக்கு ஓடுமுன்,
குமட்டிய நாளிலும்.
இது வேறு கிருமி. வேறு வாசல்.

எந்த வாசல்?
பழைய படங்களை வெளிச்சப் பலகையில்
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.
ஒன்பதும் அச்சாகப் பொருந்தியது
உம்லாசிப் பெண் ஒருத்தியோடு. வயது பதினெட்டு.
அவர் அவளை அறியார், அவள் அவரை அறியாள்.
இருவர் அட்டையிலும் செவ்வாய்க்கிழமை முத்திரை:
எங்கள் நடைக்கூடம், நீள பெஞ்சு,
வண்ணம் பூசிப் பூசித் திறக்காமலே போன ஜன்னல்.
மாத்திரை முடிந்த பிறகும்
சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.
சொன்ன தேதிக்கெல்லாம்
வந்திருக்கிறார்.

படிவத்தில் எனக்கு ஒரே ஒரு கட்டம்.
'வேறு இனம்' என்று எழுதினேன்.
எங்கே தொற்றியது என்று எழுத இடமில்லை;
ஓரத்தில் எழுதினேன்.
சிவப்பு மையை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
படத்தின் நகலை வெட்டி அதன் மேல் ஒட்டினேன்.
பசை கொஞ்சம் அதிகம். தாள் விறைத்து நிற்கிறது.
இனி யார் அந்தக் கோப்பைத் திறந்தாலும்
ஏழாம் தடம்
விரலில் தட்டும்.